உப்பு போடாத கெஸடியா

என் சமையலறையில் உப்பு டப்பா கிடையாது. ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, கருவாடு கிடையாது. பாதி தீர்ந்த சாஸ் பாட்டில் ஒன்று இருந்தது. அதையும் குப்பை வண்டியில் போட்டேன். இவ்வளவு செய்தும் என் வீட்டில் உப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்தது நடந்தபடி சொல்வேன்.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டன. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர். பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும்போது அழுகாமல் இருக்க உப்பு அப்பித்தான் வரும். அதை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, உப்பைத் தட்டிவிட்டுத் தொட்டியில் ஊறப் போட வேண்டும். உதறுகிற வேலை இவருடையது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவத்தில் உப்பு இருக்கும். காதுக்குப் பின்னால் இருக்கும். கழற்றிப் போட்ட சட்டை காய்ந்தால் மடங்காது, அட்டை மாதிரி நிற்கும். நான் அப்போது ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சட்டையைத் துவைத்துத் துவைத்து என் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. ஆசையாக நினைத்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

போன வருஷம் அவர் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அமுக்கினால் குழி விழும், குழி அப்படியே நிற்கும். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயசு இருக்கும். காகிதங்களைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னாள்.

"மூணு மாசம் டைம் குடுக்கிறேன். ஒரு நாளைக்கு அரை ஸ்பூன் உப்பு, அவ்ளோதான். அதுவும் எல்லா சாப்பாட்டையும் சேர்த்து. கொறைச்சா மருந்துல ஓட்டலாம். கொறைக்கலைன்னா டயாலிசிஸ்."

"டயாலிசிஸ்னா எத்தினி நாளைக்கு?" என்று இவர் கேட்டார்.

"உயிரோட இருக்கிற வரைக்கும்."

இவருடைய தோஸ்த் ஒருவன், அதே உப்பு உதறுகிற வேலை செய்தவன், இரண்டு வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் அந்த மெஷினில் படுத்து எழுந்து போய்ச் சேர்ந்தான். கடைசியாக அவனைப் பார்த்துவிட்டு வந்த அன்றே, எனக்கு அது வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். மெஷினில் படுக்க மாட்டார். ஆகையால் அந்த மூன்று மாசம் எங்களுக்குச் சோறு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

வீட்டுக்கு வந்ததும் உப்பு டப்பாவைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். அங்கே இருப்பவள் தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்து மருமகள். என்னை அக்கா என்பாள். "இன்னாக்கா, ஒரு சிட்டிகைகூட வெச்சிக்கலியா?" என்றாள். அரை ஸ்பூன் அளக்கிற பொறுமை எனக்குக் கிடையாது. இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. அதுதான் என் கணக்கு.

இவர் சாப்பிடுவதை நிறுத்தினார். ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினார். கூட்டு வைத்தேன், தள்ளினார். இட்லியை இரண்டு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டு எழுந்துபோனார். கால் மட்டும் வாழைமரம் மாதிரி இருந்தது, மற்றதெல்லாம் வற்றியது. எனக்குக் கோபம் வந்தது. "யோவ், துன்னாம சாவப்போறியா, துன்னுட்டு சாவப்போறியா? எதுன்னு சொல்லிட்டு செய்" என்றேன்.

கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "பாப்பா வூட்ல துன்னமே. சப்பாத்திய மடிச்சி, உள்ள பாலாடை மாதிரி இழுக்குமே. அத செய். துன்றேன்."

பாப்பா என்றால் எங்கள் மகள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவளைக் கேட்டேன். "அது கெஸடியாம்மா. மெக்சிகோ நாட்டுச் சாப்பாடு. ஆனா சீஸ்ல உப்பு ஜாஸ்தி, ஜாக்கிரதை. உப்பு கம்மியான சீஸா பாத்து வாங்கு" என்றாள். ஆம்பூரில் பிரியாணி எந்த நேரமும் கிடைக்கும். உப்பு கம்மியான சீஸ் எவனிடமும் இல்லை. பேக்கரிக்காரன் பிட்சாவுக்குப் போடுகிற சீஸ் ஒரு பாக்கெட் எடுத்து நீட்டினான். பாக்கெட்டின் பின்னால் எழுதியிருந்ததைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். உப்பு என்று இருந்தது. அப்படியே கொண்டுவந்து மேடைமேல் வைத்து, "இந்தா பாரு, இதுலயும் கீது" என்றேன்.

இவர் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு.

"இதுக்கு இன்னா பேஜாரு? ஊற வை."

"இன்னாது?"

"தோலுக்கு இன்னா செய்யறோம்? உப்பு எறங்கணும்னா தண்ணில போடு. மொத தண்ணிய கொட்டு. ரெண்டாந் தண்ணிய கொட்டு. மூணாந் தண்ணில நாக்க வெச்சிப் பாரு. கரிக்கலன்னா உப்பு போய்ட்சின்னு அர்த்தம். எவ்ளோ தோலு பாத்துக்கிறேன், இந்தத் துண்டு சீஸு எனக்கு ஒரு விஷயமா?"

சீஸை மெலிசாகச் சீவி ஒரு பாத்திரத்தில் போட்டுக் குழாயைத் திறந்தேன். அவர் நாற்காலி போட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். "அலசு. கையால அமுக்காத, கலங்கும். இப்ப கொட்டு." மூன்று தண்ணீர் மாற்றினோம். மூன்றாவது தண்ணீரை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவரும் பார்த்தார். உப்பு இல்லை. இரண்டு பேருமே இல்லை என்றுதான் சொன்னோம்.

பிறகு செய்வது ஒன்றும் கஷ்டம் இல்லை. கோதுமை மாவைத் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து மெலிசாகத் தேய்த்துப் பாதி வேக எடுத்து வைக்க வேண்டும். குடைமிளகாய், வெங்காயம், வேகவைத்த மக்காச்சோளம். உப்பு இல்லாத குறை தெரியாமல் இருக்கப் பூண்டைச் சுட்டு நசுக்கிப் போட்டேன். சீரகம் வறுத்துப் பொடித்தது, மிளகு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை இரண்டு சொட்டு. ஊறிய சீஸைத் துணியில் ஒற்றித் தூவி, சப்பாத்தியை அரை வட்டமாக மடித்துத் தோசைக்கல்லில் போட்டுக் கரண்டியால் அழுத்தினேன். உள்ளே உருகி ஓரத்தில் கசிந்து பொரிந்தது. மூன்றாக வெட்டிக் கொடுத்தேன். தொட்டுக்கொள்ளத் தக்காளியும் வெங்காயமும் பச்சையாக அரிந்து எலுமிச்சை பிழிந்தது.

அவர் தின்றார். முழுதும் தின்றார். இன்னொன்று கேட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகை எனக்குப் பிடிக்காத விஷயம்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அதுதான். அவர் உடம்பில் தெம்பு வந்தது, பேச்சு வந்தது. ஆனால் கால் வீக்கம் இறங்கவில்லை. இரண்டு வாரத்தில் இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஒரு மாசம் ஆயிற்று. காலையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பேன். குழி. முன்னைவிட ஆழமான குழி.

அந்தச் சமயத்தில்தான் சுவரைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியது. பின்பக்கச் சுவரில் அடியில் எப்போதுமே உப்புப் பூக்கும். இந்தப் பக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிப்போம், மறுபடி பூக்கும். அதை யாரும் ஒரு விஷயமாக நினைப்பதில்லை. ஆனால் அந்தக் கோடையில் கணுக்கால் உயரத்தில் இருந்தது முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. பின்சுவரை ஒட்டித்தான் இவருடைய கட்டில். கட்டில் மட்டத்தைத் தாண்டி ஏறிவிட்டது. சுரண்டினால் நாலாம் நாள் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே மாதிரி வந்து நிற்கும். பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். ஊதினால் ஆடும்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் இவரைப் பார்க்க வந்தவள், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா?" என்றேன்.

அவள் இவருக்குக் கேட்காமல் என் காதருகே வந்து சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. அந்த சுவுத்துல பாருங்க. மேல தலை, அப்பறம் தோளு. ஆளு நிக்கிற மாதிரியே கீது."

பார்த்தேன். சொன்ன பிறகு வேறு மாதிரி தெரியவே இல்லை. தலை, ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்த தோள், கீழே அகலமாக இறங்கும் உடம்பு. இவருக்கும் அந்தப் பக்கத் தோள் சரிவுதான். இருபது வருஷம் தோல் தூக்கியதில் சரிந்த தோள்.

"உனுக்கு கண்ணு கோளாறு. போய் டாக்டர பாரு" என்று அவளை அனுப்பிவிட்டுக் கரண்டியை எடுத்துச் சுவரைச் சுரண்டினேன். நாலாம் நாள் வந்து நின்றது.

அப்புறம் காலடி. எங்கள் வீட்டுத் தரை சிவப்பு சிமெண்ட். மத்தியானம் நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், கொல்லைக் கதவிலிருந்து சமையலறை வரை வெள்ளை வெள்ளையாகக் காலடி இருக்கும். வெறுங்கால். ஐந்து விரலும் தெரியும். சமையலறையில் உப்பு டப்பா இருந்த மூலை வரைக்கும் போய் நிற்கும். இவர் கட்டிலில் படுத்திருப்பார். இத்தனை வருஷமும் அது இருந்திருக்கும், அழுக்கு என்று துடைத்துவிட்டுப் போயிருப்பேன். பார்க்கிற கண் அப்போது இல்லை.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த ஆள் திருட்டுத்தனமாக எங்கேயோ உப்பு வைத்துத் தின்கிறார். பக்கத்து வீட்டில் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார். அரிசி டின்னில் கைவிட்டுத் துழாவினேன். தலையணை உறையைக் கழற்றி உதறினேன். அவருடைய சட்டைப் பைகளைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கல் உப்பு அகப்படவில்லை.

இரண்டாம் மாசம் வேலூருக்குப் போனோம். ஒரு நாள் முழுக்கச் சிறுநீரை ஒரு கேனில் பிடித்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அதை வைத்து எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்று கண்டுபிடிப்பார்களாம். டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டாள், அவரை இல்லை.

"வீட்டுல சமையல் யாரும்மா?"

"நான்தான்."

"உப்பு போடறீங்க."

"போடலம்மா. வூட்ல உப்பே கெடையாது."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். பாவம் பொய் சொல்கிறாள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு" என்றாள். பஸ்ஸில் வரும்போது நான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. விரிஞ்சிபுரம் போனது, பள்ளிகொண்டா போனது. மாதனூர் தாண்டிய பிறகு வாயைத் திறந்தேன்.

"எங்க வெச்சிக்கீற?"

"இன்னாது?"

"உப்பு."

"வெக்கல."

"பாப்பா தலைல அடிச்சி சொல்லு."

பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவர் என்னைப் பார்க்காமல் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துச் சொன்னார். "பாப்பா மேல சத்தியம். ஒன் சமயக்கட்டுல ஒரு கல்லு உப்பு நான் தொட்ல. அட்த்தவன் கைலயும் வாங்கல."

நான் நம்பவில்லை. நாலு நாள் அவரோடு பேசவில்லை. கெஸடியாவைச் செய்து தட்டில் போட்டுச் சத்தம் வருகிற மாதிரி வைப்பேன். அவர் தின்பார். தின்றுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பார். சுவரில் இருந்த ஆளும் அவரும் முகத்தோடு முகம் வைத்துப் படுத்திருப்பது போல இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை மகள் வந்தாள். அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "நீ செய்யற கெஸடியாவ எனக்கும் குடும்மா, எப்படி செய்யறன்னு பாக்கலாம்" என்றாள். அவள் கண்முன்னேதான் செய்தேன். சீஸை மூன்று தண்ணீரில் அலசினேன். மாவு பிசைந்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உப்பு எங்கேயும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஒரு வாய் கடித்தாள். மென்றவள் நிறுத்தினாள்.

"இன்னாம்மா இது, கடல் தண்ணில பெசஞ்சியா?"

"விளையாடாதடீ."

"ம்மா, உப்பு கரிக்குது."

அவள் தட்டிலிருந்தே ஒரு துண்டு எடுத்து நான் தின்றேன். மண் மாதிரி சப்பென்று இருந்தது. அவரிடம் நீட்டினேன். அவரும் தின்றுவிட்டு, "சப்புனுதான் கீது" என்றார். ஒரே தட்டு, ஒரே துண்டு. இரண்டு நாக்குக்கு ஒன்றும் இல்லை, ஒரு நாக்குக்கு உப்பு. மத்தியான வெயில் வாசலில் அடிக்கிறது, மூன்று பேரும் நின்றுகொண்டிருக்கிறோம். அந்தச் சுவர்ப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

மகள் வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தாள். ஒரு வாய் எடுத்தவள் அப்படியே துப்பினாள். துப்பிவிட்டுக் குழாயையே பார்த்தாள்.

"இதுலதான் சமைக்கிறியா?"

"பின்ன?"

"போர் தண்ணில?"

"குடிக்கிறதுக்குத்தான் கேன் வாங்கறமே. சமைக்கிறதுக்கு இன்னா? கொதிச்சா எல்லாம் போய்டும்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. கொதித்தால் போவது தண்ணீர்தான். உப்பு எங்கே போகும்? உப்பு உதறின ஆளுக்கும் அவரோடு குடித்தனம் செய்தவளுக்கும் பன்னிரண்டு வருஷமாக இது தோன்றவில்லை. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். குடிக்கக் கேன், சோறாக்கப் போர். வீடு கட்டின வருஷமே மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவள் நாக்கு இந்தத் தண்ணீருக்குப் பழகவில்லை. எங்கள் இரண்டு பேர் நாக்கும் பழகிச் செத்துப் போயிருந்தது.

எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்று எவர்சில்வர் தட்டு எடுத்தேன். ஒன்றில் சீஸ் ஊறிய தண்ணீர், ஒன்றில் வெறும் போர் தண்ணீர், ஒன்றில் கேன் தண்ணீர். மொட்டைமாடியில் வைத்தேன். டேனரிகளில் கழிவுத் தண்ணீரைப் பெரிய பெரிய பாத்தியில் இப்படித்தான் வெயிலில் காயவிடுவார்கள். மறுநாள் மத்தியானம் போய்ப் பார்த்தேன். கேன் தண்ணீர்த் தட்டில் நடுவில் லேசாக ஒரு வட்டம், அவ்வளவுதான். சீஸ் தட்டு வெள்ளை. வெறும் போர் தண்ணீர் வைத்த தட்டும் அதே வெள்ளை. சீஸ் எதையும் இறக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதில் இறக்கினோம்? உப்பை உப்பில் அலசியிருக்கிறோம். அதிலேயே மாவு பிசைந்து, அதிலேயே சோளத்தை வேகவைத்து, அதிலேயே ரசம் வைத்து, உப்பில்லை உப்பில்லை என்று அந்த ஆளுக்கு ஊட்டியிருக்கிறேன். காலடியும் அதுதான். கொல்லையில் கால் கழுவிவிட்டு ஈரத்தோடு சமையலறைக்கு வந்து கேனில் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். கேன் இருந்தது உப்பு டப்பா இருந்த அதே மூலையில். ஈரம் காய்ந்தால் வெள்ளை.

காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. பேய் என்றால் ஒரு மூலையில் இருக்கும். இது குழாயைத் திறந்தால் வருகிறது.

தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் நுனியைப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

"உனுக்குத் தெரியுமா?" என்றேன்.

அவர் தாடையால் பின்சுவரைக் காட்டினார். "அந்தப் பக்கம் பெரிய மேடு இருந்திச்சி. வூடு கட்றதுக்கு ரொம்ப முன்ன."

"இன்னா மேடு?"

"தட்ன உப்பு. தோல்ல தட்டி எடுத்தத திருப்பி யூஸ் பண்ண முடியாது, மயிரும் ரத்தமுமா இருக்கும். எங்கனா கொட்டிட்டு வாடான்னு சொல்லுவாங்க. டிராக்டர்ல ஏத்திகினு வந்து இங்கதான் கொட்டுவோம்."

"கொட்டுவோம்னா?"

"நானுந்தான்."

மகள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் இந்த எடத்த வாங்குனியா?" என்றேன்.

"ரெண்டு மழைல மேடு கரஞ்சி காணாப் போய்ட்ச்சி. ஆத்துக்குப் போயிருக்கும்னு நெனச்சேன்." தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார். "எங்கயும் போல. கீழ எறங்கி ஒக்காந்துகினு கீது."

கொட்டச் சொன்னவன் இன்றைக்கு எந்த ஊரில் இருக்கிறான், அவன் வீட்டுக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. இவரைக் கேட்டு என்ன பிரயோஜனம்? வயிறு காய்ந்து டிராக்டரில் ஏறினவர். ஆனாலும் அன்று முழுக்க இவரைத் திட்டினேன். இவர் ஒருவர்தான் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தார்.

அன்றிலிருந்து எல்லாமே கேன் தண்ணீர். அரிசி களைய, பருப்பு வேகவைக்க, சீஸ் ஊறவைக்க, மாவு பிசைய. முதல் நாள் அந்தக் கெஸடியாவை இரண்டு பேரும் ஒரு வாய்க்கு மேல் தின்ன முடியவில்லை. அதுவரைக்கும் உப்பில்லாமல் தின்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். உப்பில்லாதது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருந்தது. பூண்டைக் கூட்டினேன், எலுமிச்சையைக் கூட்டினேன், மிளகாயைச் சுட்டுப் போட்டேன். பத்து நாளில் அவர் முழுதாகத் தின்ன ஆரம்பித்தார். கால் இறங்கியது. கணுக்கால் எலும்பு தெரிந்தது. பல மாசத்துக்குப் பிறகு அந்த எலும்பைப் பார்த்தேன்.

பிறகு நின்றுவிட்டது. எலும்பு தெரிந்த இடத்திலேயே நின்றது, அதற்குமேல் இறங்கவில்லை. டாக்டரம்மா சொன்ன கெடுவுக்கு இன்னும் இரண்டு வாரம்.

எனக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு வியாதி இல்லை. உப்பு தின்ன எனக்குத் தடை இல்லை. ஆனால் அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று சமைக்க மனசு வராமல் நானும் அதையே தின்றேன். மூன்றாவது வாரம் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. தூங்கி எழுந்தால் வாய் ஊறும். பக்கத்து வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் இங்கே எனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் அவர் கொல்லையில் இருந்தார். நான் அவர் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் பஞ்சுபஞ்சாக வெள்ளை. என் கை தானாகப் போயிற்று. விரலை நீட்டிவிட்டேன்.

நான் தொடுவதற்கு முன்னாலேயே அங்கே தடம் இருந்தது.

விரல் அகலத்தில் நாலு கோடு. வெள்ளையை வழித்தெடுத்த கோடு. படுத்தபடியே கை நீட்டினால் எட்டுகிற உயரம். சில கோடு பழசு, அதன்மேல் மறுபடி லேசாகப் பூத்திருந்தது. ஒன்று புதுசு, சிமெண்ட் தெரிந்தது. சுவரில் நின்ற ஆளின் வாய் இருக்க வேண்டிய இடம்.

பஸ்ஸில் அவர் செய்த சத்தியம் காதில் வந்தது. என் சமையல் கட்டில் தொடவில்லை. அடுத்தவன் கையில் வாங்கவில்லை. இவர் பொய் சொல்லவில்லை.

கொல்லையிலிருந்து வந்தவர் என் விரல் நீண்டிருப்பதைப் பார்த்தார். நான் சுவரைப் பார்ப்பதையும் பார்த்தார். நான் யாரைத் திட்டுவேன்? என் விரலும் அங்கேதானே இருந்தது.

"அந்தப் பக்கம் புடி" என்றேன். கட்டிலின் ஒரு பக்கம் நான் பிடித்தேன், ஒரு பக்கம் அவர் பிடித்தார். சுவரை விட்டு இழுத்து அறையின் நடுவில் போட்டோம். நாலு பக்கமும் கை நீட்டினாலும் எதுவும் எட்டாது.

"நடு வூட்ல பொணம் மாதிரி படுக்கணுமா?" என்றார்.

"சுவுத்தாண்ட படுத்தா நெஜமாவே பொணம்தான்" என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு சுவர் முழுக்கச் சுரண்டினேன். ஒரு முறம் நிறைய வந்தது. அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொல்லையில் முறத்தோடு நின்றேன். மண்ணில் கொட்டினால் கீழே இறங்கும், போரில் வரும். ஆற்றில் கொட்டினால் வேறு எவள் வீட்டுக் குழாயிலாவது வரும். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் சாக்கில் கொட்டி வாயைக் கட்டிப் பரண்மேல் போட்டேன். நான் சுரண்டுகிறேன், அது நிறைகிறது. உப்பு டப்பா இல்லாத வீட்டில் ஒரு சாக்கு உப்பு இருக்கிறது.

கெடு முடிந்து வேலூருக்குப் போனோம். டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தரம் பார்த்தாள். "நல்லா கொறைஞ்சிருக்கு. மெஷின் இப்போ வேணாம். இதே மாதிரி இருங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "எப்படிக் கொறைச்சீங்க?" என்று கேட்டாள். கட்டிலை நகர்த்தினேன் என்று சொன்னால் அவளுக்கு என்ன புரியும்? "தண்ணிய மாத்தனேன்" என்றேன். அதுவும் உண்மைதான்.

போன வாரம் மத்தியானம் கெஸடியாவைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தேன். அவர் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். கை ஒன்று வெளியே தொங்கியது. குனிந்து தட்டை ஸ்டூலில் வைத்தபோதுதான் தரையைப் பார்த்தேன். சிவப்பு சிமெண்டில் ஒரு விரிசல் உண்டு, சுவரடியில் தொடங்கி அறை நடுவரைக்கும் வரும். விரிசல் நெடுக வெள்ளையாகப் பூத்திருந்தது. சுவரிலிருந்து கிளம்பி, நேராகக் கட்டிலைப் பார்த்து வந்து, அவர் தொங்கவிட்ட விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது.

அவரை எழுப்பவில்லை. சமையலறைக்குப் போய்க் கேன் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். முட்டி போட்டு, கட்டில் பக்கத்திலிருந்து சுவர்ப் பக்கமாகத் துடைத்துக்கொண்டே போனேன். தட்டில் சீஸ் ஆறி இறுகிக்கொண்டிருந்தது.